வெறும் உட்கார்வு

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பதினேழு, ஒன்றுமே இல்லாத பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

பதினேழு என்பது நாய். பதிவேட்டில் இருந்த எண் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அதற்கு வேலை. போதைத்தூளின் வாடை அடித்தால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது. உட்கார்ந்தது சரியென்றால் நாய்க்காரன் கால்சட்டைப் பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்துப் போடுவான். தப்பென்றால் 'இல்லை' என்று ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாய் அந்த இடத்தைவிட்டுப் போகும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் சொன்ன பாடம் வீண். அடியைவிட அதுதான் நாய்க்கு உறைக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு மாட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய சாம்பல் நிறப் பெட்டியை எஃகு மேசைமேல் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். மடித்த துணிகள், முழங்கால் உறை, மாத்திரை டப்பா, ஸ்கேன் படம் வைத்த பெரிய நீல உறை. பெட்டியின் அடித்துணியைக்கூடக் கிழித்துப் பார்த்தாயிற்று. முக்கால் மணி நேரம் போயிற்று. ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் அழவில்லை, கத்தவில்லை. துணிகளைத் திரும்ப மடித்துக்கொண்டே நாய்க்காரனிடம் கேட்டார்.

"உங்க நாய்க்கு என்னைப் பத்தி என்ன தெரியும் தம்பி?"

அவன் மன்னிப்புக் கேட்டான். நாய்க்கு என்ன தெரியும் என்று அவனுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இப்படி ஒன்றுமில்லாமல் உட்கார்வதற்கு அலுவலகப் படிவத்தில் 'வெறும் உட்கார்வு' என்று பெயர். முதல் மூன்று வருடத்தில் பதினேழுக்கு அப்படி இரண்டுதான். கடைசிப் பதினோரு மாதத்தில் ஒன்பது. மேலிடத்திலிருந்து தாள் வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை தேர்வு. ஒரே ஒரு வெறும் உட்கார்வு என்றாலும் நாய் பின்கொட்டிலுக்குப் போக வேண்டியதுதான்.

பின்கொட்டில், ஓடுதளச் சுவரை ஒட்டி இருந்தது. வேலைக்கு ஆகாது என்று எழுதப்பட்ட நாய்களை வெளியே யாருக்கும் கொடுக்க விதியில் இடமில்லை. அதனால் ஆறு கூண்டு, ஐந்து நாய். சிமென்ட் தரை, கம்பி வலை, தலைக்குமேல் விமானச் சத்தம். கோடியிலிருந்த கறுப்பு நாய் இரண்டு வருடமாகக் கூண்டுக்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது நடந்த வழியில் சிமென்ட் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அவன் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் காலைப் பார்த்துக்கொண்டு நடப்பான்.

அவனுக்கு ஆபீஸில் பட்டதாரி என்று பெயர். நாய்க்காரர்களில் கல்லூரிப் படி ஏறியவன் அவன் ஒருவன்தான். அதுவும் விலங்கியல். நாயின் மூக்கைப் பற்றிப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். "நாலு பக்கம் எழுதினே, நாய் அதைப் படிச்சுச்சா?" என்று கேட்டவள் தபால். அவளும் நாய்க்காரிதான், அவனைவிடப் பத்து வருடம் மூத்தவள். காதில் விழுந்ததை அன்றே நாலு இடத்துக்குக் கொண்டு சேர்த்துவிடுவாள் என்பதால் தபால்.

நாய்க்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கால்நடை மருத்துவர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்து, மூக்கு முத்து மாதிரி இருக்கிறது என்றார். கூடத்தைத் துடைக்கும் மருந்தை மாற்றியதால்தான் என்றார் மேலாளர். மற்றவர்கள் துக்கம் என்றார்கள். அவன் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று போய்ப் படுத்தவள், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்து போய்விட்டாள். அவள் போன நான்காம் நாளே அவன் வேலைக்கு வந்துவிட்டான். அழுது யாரும் பார்த்ததில்லை. அந்த வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற துக்கம்கூட இந்தக் கல்லுளிமங்கனுக்கு இல்லையே என்று பேச்சு நடந்ததை, தபால் அவனிடமே கொண்டுவந்து சேர்த்தாள்.

அவன் மறுக்கவில்லை. இருக்கிறதா என்று உள்ளே பார்த்தால் அவனுக்கும் எதுவும் தெரியவில்லை. மரத்துப்போன கன்னத்தைப் பல் டாக்டர் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

வேலை முடிந்தால் நாய் அவனோடு வீட்டுக்கு வரும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மகளைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியார், மகள் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். போங்கள் என்று அவன் சொல்லவில்லை. போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் பேச்சு, நாய் வழியாகத்தான் நடந்தது.

"பதினேழு, உங்க ஐயாகிட்ட சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு."

"அத்தையை முதல்ல சாப்பிடச் சொல்லு."

நாய் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த உத்தியோகத்தைப் பற்றி அது என்ன நினைத்ததோ.

நாலு மாதத்துக்கு முன்னால் பதினேழு, இறந்தவளின் துணி அலமாரிக்கு முன்னால் போய்ப் போய் நிற்க ஆரம்பித்தது. கதவிடுக்கில் மூக்கை வைத்து முனகும். "அவளைத் தேடுது மாப்பிள்ளை" என்று மாமியார் நேரிலேயே சொன்னார், நாயை நடுவில் வைக்காமல். ஒரு வாரம் அழுதார். நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் நாற்றம் தாங்காமல் அலமாரியை நகர்த்தினால், பின்னால் எலி செத்துக் கிடந்தது. அதை முறத்தில் வாரிக்கொண்டு போனபோது மாமியார் முகத்தை அவன் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நாயைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

அந்த எலி அவன் மனதில் தங்கிவிட்டது. நாயைப் பற்றி எது தோன்றினாலும், இதற்குப் பின்னால் என்ன எலியோ என்று கேட்டுக்கொண்டான்.

ஆசிரியை போன மறுநாள் விடுமுறை. ஒரு பழைய சூட்கேஸைத் தரையில் வைத்து, நான்கு காலில் தவழ்ந்து, நாய் மோந்து பார்க்கிற உயரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தான். தூசி, ரப்பர், பூட்டின் துரு. அவ்வளவுதான். நாய் பக்கத்தில் நின்று அவனைப் பார்த்தது. பிறகு அதே மூலையில் மூக்கை வைத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கவில்லை. அந்த ஒரு சாண் இடத்தில் அது ஒரு முழுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அட்டை மட்டும்தான் தெரிந்தது. நேற்று வந்து போனவர்கள் இன்றும் இருக்கிற உலகம் அது. அப்படியானால் இந்த வீட்டில் அவள் இன்னும் எவ்வளவு இருக்கிறாள்? கேட்க முடிந்த ஒரே ஆளுக்குச் சொல்ல வாயில்லை.

காய்கறிப் பையோடு உள்ளே வந்த மாமியார், மருமகன் தவழ்வதைப் பார்த்துவிட்டு நாயிடம் சொன்னார்.

"பதினேழு, நீ ஒருத்தன் போதும்னு சொல்லு."

அன்று மத்தியானம் அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். ஒன்பது உட்கார்வுகளையும் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தான். பெட்டியின் நிறம், துணியா தோலா, எந்த ஊர் விமானம், தரை துடைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று. எத்தனை தடவை பார்த்தும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசிக் கட்டத்தில் 'பிற' என்று ஒரு பத்தி. அதில் கை போன போக்கில் எதையோ கிறுக்கியிருந்தான். முதல் தடவையாக அதை மட்டும் மேலிருந்து கீழே படித்தான்.

நீல ஸ்கேன் உறை. கழிப்பறை வாசலில் மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். பாதியில் நின்ற இருமல். பெட்டிக் கைப்பிடியில் பச்சை நாடா, இரட்டை முடிச்சு. மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை.

பெட்டிகளுக்குள் இருந்ததைத் தேடிக்கொண்டிருந்தான். இந்தப் பத்தியில் இருந்ததெல்லாம் அவன் கண்ணில் பட்டவை. அவள்தான் எந்தப் பெட்டியானாலும் இரட்டை முடிச்சுப் போடுவாள்.

அவனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. பரிசோதனை செய்ய வேண்டும் என்று தோன்றியது. படித்த படிப்பு அவ்வளவுக்காவது உதவியது.

மறுநாள் பயிற்சி அறையில் ஆறு காலித் தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்தான். நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பெட்டிக்கு வந்ததும், வேண்டுமென்றே அந்தக் கதவை நினைத்தான். சிகிச்சைப் பிரிவின் கதவு. மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி தகடு. ஒன்பது நாளும் அவன் அதற்கு இந்தப் பக்கம்தான் நின்றான். அவள் கையை அசைத்ததை ஒருநாள் பார்த்தான். வா என்றாளா, போ என்றாளா, தண்ணீர் என்றாளா, தெரியவில்லை. அவனும் கையசைத்தான்.

பதினேழு நான்காவது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது.

இரண்டாவதில் நினைத்தான், இரண்டாவதில் உட்கார்ந்தது. ஆறாவதில் நினைத்தான், ஆறாவதில். தனக்கே தெரியாத ஏதோ ஒன்று தன் தோலிலிருந்து கசிகிறது. பதினோரு மாதமாக இந்த நாய் அதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கிறது. அவன் ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று சொல்லி முகத்தைத் திருப்பியிருக்கிறான்.

கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தபால் உள்ளே வந்தாள். அவன் சொன்னதை முழுதாகக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஏம்பா பட்டதாரி, அது உன் மனசைப் படிக்கல. கயித்தைப் படிக்குது. அந்த இடம் வந்தா நீ அரை நொடி நிக்கறே. கயிறு தொய்யுது. அது உக்காருது. அவ்வளவுதான் சங்கதி."

"கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டும் பாத்தாச்சு."

"இடுப்பு மட்டும் என்ன, வாடகைக்கு எடுத்ததா?"

அவன் சிரிக்கவில்லை. மோப்பமே இல்லை என்கிறாளா என்று கேட்டான்.

"நான் எதையும் இல்லேங்கல. எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எப்படித் தெரியும்? அது உள்ள போய்ப் பாத்துட்டா வந்தோம்?" என்றாள். நாயின் காதைச் சொறிந்துகொடுத்தாள். "எது எப்படியோ, கெடுக்கறது நீதான். வியாழக்கிழமை எங்கிட்டக் குடு."

அந்த வார்த்தையின் எடை இருவருக்கும் தெரியும். தேர்வில் நாயைப் பிடித்து நடப்பவர் பெயரில்தான் அது பிறகு பதிவாகும். அவள் வீட்டுக்குப் போகும். அவனுக்கு வேறொரு குட்டி வரும், ஒரு வருடம் கழித்து.

அவன் முடிவு சொல்லவில்லை. இடையில் இருந்த நாட்களில் எதையும் நினைக்காமல் நடந்து பழகினான். இரண்டிரண்டு எண்களாகப் பெருக்கிக்கொண்டே நடந்தான், வாய்க்குள் ரயில் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடந்தான். நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே கதவு வந்து நின்றது. நாய் உட்கார்ந்தது. மனிதர்களிடம் மறைப்பதற்கு முகம் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதனிடம் எதை மறைப்பது? தோலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர முடியுமா? முப்பத்திரண்டு வயது உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு, அது தன்னைப் பற்றி வெளியே என்ன சொல்கிறது என்று அவனுக்கே கேட்கவில்லை. கேட்கிற நாய்க்கோ சொல்ல வழியில்லை.

வியாழக்கிழமை காலை மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னான். நேராகவே சொன்னான். அவர் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தேர்வானால் இனி வராது, தேர்வாகாவிட்டாலும் வராது என்றான். அவர் கழுவி முடித்து, வழக்கமான இடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப இனிமே நாம யாருகிட்டப் பேசறது?" என்றார்.

தேர்வென்றால் சீருடை ஒழுங்காக இருக்க வேண்டும். அவன் இளைத்திருந்தான். பழைய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சாமான் அறைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உறை பிரிக்காத புதுக் கால்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழையதை அவரிடமே விட்டுவிட்டு அதை அங்கேயே மாட்டிக்கொண்டான். துணி அட்டை மாதிரி விறைத்து நின்றது. பிறகு கூடத்துக்குப் போய், கயிற்றையும், பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்த பந்தையும் தபாலிடம் கொடுத்தான். அவள் பந்தைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கூடத்தை ஒரு மணி நேரம் மூடி வைத்திருந்தார்கள். பெல்ட் நின்றிருந்தது. பத்துப் பெட்டிகள். இரண்டில் மாதிரித் தூள். எந்த இரண்டு என்பது தேர்வாளரின் மடித்த தாளில் மட்டும். தேர்வாளர் மெலிந்த, மரியாதையான மனிதர். பழைய நாய்க்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அவர் சுவரோரம் நின்று பார்க்கலாம் என்றார். வெளியே நிற்கிறேன் என்றான் அவன். பார்க்காமல் எப்படி சார் கையெழுத்துப் போடுவீர்கள் என்று அவர் கேட்டதும் சுவரோரம் போய் நின்றான்.

தபால் நடந்தாள். மூன்றாவது பெட்டியில் பதினேழு உட்கார்ந்தது. தேர்வாளர் தாளைப் பார்த்துத் தலையசைத்தார், பந்து விழுந்தது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் உட்கார்ந்தது. சரி. பந்து. ஒன்பதையும் பத்தையும் மோந்துவிட்டு நகர்ந்தது. தேர்வாளர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போது பதினேழு கயிற்றை இழுத்தது. தபால் சறுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பளிங்குத் தரையைக் குறுக்கே கடந்து, சுவரோரம் நின்றவனுக்கு முன்னால் வந்து, அவனுடைய பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது.

கயிறு அவன் கையில் இல்லை. கதவை அவன் நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை, நாய் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆசிரியையின் பெட்டியை மேசைமேல் பிரித்ததுபோலத் தன்னை ஒருமுறை பிரித்துப் பார்த்தான். அடித்துணிவரை. ஒன்றும் தட்டுப்படவில்லை. நாய் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், இங்கேதான் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தது.

அல்லது அதற்கு வேறு ஏதாவது வேண்டியிருந்ததோ. பழகிய இடம், பழகிய ஆள். எலியோ.

தேர்வாளர் கிட்டே வந்தார். பையில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். இரண்டும் காலி. வெள்ளை வெளேரென்ற புதுத் துணி. தேர்வாளர் படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டே கட்டங்கள். பேனா இரண்டாவது கட்டத்துக்குப் போனது.

"அப்ப இது வெறும்..."

"பந்து சார்" என்றான் அவன்.

பேனா நின்றது.

"நாலு வருஷமா பந்து இந்தப் பையிலதான் இருந்துச்சு. துணியில ரப்பர் வாசனை ஏறியிருக்கும். அதுக்குத்தான் வந்திருக்கு. என் தப்பு. நான் உள்ள நின்னிருக்கக் கூடாது."

பக்கவாட்டில் நின்றிருந்த தபால் அவன் கால்சட்டையைப் பார்த்தாள். இடுப்புக்குப் பின்னால், அளவு அச்சடித்த அட்டைத் துண்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. சுவரோரம் நின்றதால் தேர்வாளர் கண்ணிலும் படவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

தேர்வாளருக்கு நிம்மதியாகிவிட்டது. புரிகிற காரணம் ஒன்று கிடைத்தால் யாருக்கும் நிம்மதிதான். அப்படியானால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, பெட்டிகளை மாற்றி வைத்து மறுபடி ஒருமுறை நடத்திவிடலாம், நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றார். பிறகு நாயைக் காட்டினார். அது இன்னும் உட்கார்ந்தே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் அவன் கைமேல் இருந்தது.

"முறைப்படி நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா மறுபடி உங்ககிட்டயே வரும்."

அவனுக்கும் அது தெரியும். குனிந்து அதன் தலையில் கை வைக்கலாம். ஆமாம் என்று சொல்லலாம். சொன்னால் பின்கொட்டில். வழவழவென்று தேய்ந்த சிமென்ட்.

"இல்லை" என்றான்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். பின்னால் கொஞ்ச நேரம் எந்த அசைவும் இல்லை. பிறகு நகங்கள் தரையில் தட்டும் சத்தம் மெல்ல விலகியது.

வெளியே வந்து நின்றான். கூடத்தின் கதவுக்கு மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி தகடு. நாலு வருடமாகத் தினமும் தள்ளித் திறந்த கதவு. கண்ணாடியில் தபாலின் தலையும் தேர்வாளரின் வழுக்கையும் பெட்டிகளின் மேல்புறமும் தெரிந்தன. நாய் தெரியவில்லை. தபாலின் நடையை வைத்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. ஓரிடத்தில் நின்றாள், பந்து மேலே எழும்பி விழுந்தது. இன்னோரிடத்தில் நின்றாள், மறுபடியும் பந்து. கடைசியில் தேர்வாளர் கை கொடுத்தார்.

கதவு திறக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவன் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் வீண். கதவு திறந்தது. நகங்கள் தரையில் தட்டி வந்தன. அவன் முதுகுக்குப் பின்னால் வந்ததும் நின்றன. மூச்சு வாங்குவது கேட்டது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு விரல் அளவுக்குச் சிமென்ட் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இடுப்பில் யாரோ லேசாகத் தொட்டார்கள். நூல் அறுபடும் சத்தம். தபால் அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வா போலாம்" என்றாள், நாயிடம்.

அது உடனே போகவில்லை. உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா என்று திரும்பாமல் அவனுக்குத் தெரியவில்லை.